பென்சில் குறி

நீடாமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்ததும், பையைக் கீழே வைக்காமல் உள்ளறைக்குப் போய் தெர்மோகோல் பெட்டியைத் திறந்தேன். ஆமை முட்டைகள் ஈரத் தேங்காய்நார்த் தூளில் பாதி புதைந்து, பந்து பந்தாக வெள்ளையாக இருந்தன. எண்ணினேன். முப்பது. ஒன்று குறைந்தது. ஆனால் நான் தேடியது அதை அல்ல. ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தேன். ஒரு குறிகூடக் கண்ணில் படவில்லை. ஒரு முட்டையை உருட்டாமல் தூக்கி அடியில் பார்த்தேன். குறி அங்கே இருந்தது.

"பாத்தியா எழிலு, ஒன்னுகூடக் கெடல" என்றாள் அம்மா, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி. "காலைல ஒருதரம், சாயங்காலம் ஒருதரம். நீ போன ஆறு நாளும் தப்பாம திருப்பி வச்சேன்."

எங்கள் தெருவில் வாத்து முட்டையை அடைகாக்கக் கோழியிடம்தான் வைப்பார்கள். வாத்து முட்டை பெரிது. கோழியால் சரியாக உருட்ட முடியாது. அதனால் அம்மா கரிக்கட்டையால் முட்டையில் குறி போட்டு, காலையில் குறி மேலே, மாலையில் குறி கீழே என்று கையால் திருப்புவாள். ராசம்மா கை பட்டால் கூழாங்கல்லும் பொரிக்கும் என்று ஊரில் கேலியாகவும் மெய்யாகவும் சொல்வார்கள். நான் போட்ட குறியைப் பார்த்ததும் அவளுக்கு அதுதான் நினைவு வந்திருக்கும்.

ஆமை முட்டையைத் திருப்பக் கூடாது. இட்ட ஒரு நாளுக்குள் கரு மேல் ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் திருப்பினால் செத்துவிடும். குறி போட்டதே அதற்காகத்தான். கிளம்பும்போது அம்மாவிடம், "தண்ணி மட்டும் தெளிம்மா" என்றேன். மற்றதைச் சொல்லவில்லை. எனக்கு எப்போதும் பாதி வாக்கியம் உள்ளேயே நின்றுவிடும்.

அந்த ஆமைகள் அண்ணன் வாங்கியவை. சென்னையில் ஒரு கடைக்காரன் 'டைனோசர் ஆமை' என்று சொல்லி, உள்ளங்கையில் அடங்கும் இரண்டைக் கொடுத்தானாம். அண்ணன் கத்தாருக்குப் போனான். ஆமைகள் முறம் அளவுக்கு வளர்ந்தன. கொல்லையில் இரண்டு சிமெண்டுத் தொட்டிகளில் தனித்தனியாக இருக்கின்றன. மண்வெட்டிக் காம்பில் பெண் ஆமை கவ்விய தடம் இன்னும் இருக்கிறது. "வாய்க்கால்ல விட்டுடு தங்கச்சி" என்று அண்ணன் ஒவ்வொரு போனிலும் சொல்வான். வெளிநாட்டு ஆமை. வாய்க்காலில் விட்டால் நம் மீனையும் நம் ஆமையையும் அது சும்மா விடாது. விலங்கியல் படித்து முடித்து மூன்று வருடமாக வீட்டில் இருக்கிறேன். நான் படித்த படிப்பு உதவியது அந்தத் தொட்டிகளுக்குத்தான்.

போன வருடம் பெண் ஆமை தண்ணீருக்குள்ளேயே முட்டையிட்டு எல்லாம் அழுகின. இந்த வருடம் மாசியில் ஒரு வாரம் இரண்டையும் சேர்த்து விட்டேன். தொட்டியோரம் மணல் கொட்டினேன். பங்குனியில் அது மணலில் ஏறிப் பின்னங்காலால் குழி பறித்ததை வாழைமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பொரித்தால் அத்தனை குஞ்சுகளை எங்கே வைப்பது என்று யோசிக்கவில்லை. யோசித்தால் நிறுத்திவிடுவேன் என்று தெரியும். ஒன்றையாவது முதலிலிருந்து கடைசிவரை பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக் காளியம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். "என்னக்கா, ஆமை பூந்த வூடே உருப்படாதும்பாங்க. உன் வூட்ல அது புள்ளையே பெத்துருக்காமே?"

"தானா பூந்தாத்தான்டி உருப்படாது. இது நாங்க பஸ் டிக்கெட் போட்டு அழைச்சாந்தது" என்று அம்மா இங்கிருந்தே குரல் கொடுத்தாள். "வைகாசில வா, குஞ்சு காட்டுறேன்."

அதைக் கேட்ட பிறகு சொல்ல வந்தது மறுபடி நின்றுவிட்டது.

ஜன்னலைச் சாத்தி, போன் வெளிச்சத்தை ஒரு முட்டைக்குப் பின்னால் வைத்தேன். இன்று பத்தாம் நாள். உயிர் இருந்தால் சிவப்பு நரம்பு தெரிய வேண்டும். மஞ்சளாக மட்டும் இருந்தது. அடுத்ததும் அப்படியே. அம்மா குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். பன்னிரண்டாவது முட்டையில், "எல்லாம் வெறுமஞ்சளா இருக்கே" என்றாள். அடுத்ததைத் தூக்கினேன். முப்பதும் மஞ்சள்.

"இன்னும் ஒன்னு இருக்கணும்மா."

"அது ஓரத்துல கெடக்கு. லேசா நசுங்கியிருந்துச்சு. திருப்புனா ஒடஞ்சிடுமேன்னு தொடாம தூளைப் போட்டு மூடிட்டேன்."

தூளை விலக்கினேன். குறி மேலேயே இருந்தது. அப்படியே தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். ஓட்டின் உட்புறத்தில் சிவப்பாக ஒரு நூல், அதிலிருந்து இன்னும் மெல்லிய இரண்டு. நடுவில் ஒரு புள்ளி துடித்தது.

அம்மா அதைப் பார்த்தாள். பிறகு முப்பது முட்டைகளைப் பார்த்தாள். வெளியே தொட்டியில் தண்ணீர் ஒருமுறை சளப்பென்றது.

"சொல்லிருக்கணும்மா நானு" என்றேன்.

"ம்" என்றாள்.

முட்டையைக் குழியில் வைத்தேன். அதன்மேல் ஒரு நார்த்துகள் ஒட்டியிருந்தது. அம்மா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முகம் பெட்டியைத் தொடுமளவுக்குக் குனிந்து, அதை மெல்ல வாயால் ஊதினாள்.