தொட்டிலில் பெரியவர்

சோபா தைக்கும் பட்டறைக்கு மேலேயே வீடு. கீழே மாமனார் மரச்சட்டத்தில் துணியை இழுத்துப் பிடித்து ஆணி அடிப்பார். மருமகள் மிஷினில் உட்கார்ந்து உறை தைப்பாள். வாசல் பலகையில் இருப்பது மாமனாருடைய அப்பாவின் பேர். பட்டறையை ஆரம்பித்த மகராசன். அந்தப் பேரை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், மரியாதையாம். போனில் யாராவது கடைப் பேர் கேட்டால்கூட, "நேர்ல வந்து பலகையைப் பாருங்க" என்பார் மாமனார். வியாபாரம் எப்படித்தான் நடந்ததோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

வேடிக்கை என்னவென்றால், மருமகளின் அக்காவுக்கும் அதே பேர். ஆணுக்கும் வைக்கலாம், பெண்ணுக்கும் வைக்கலாம், அப்படி ஒரு பேர். கல்யாணப் பேச்சின்போது அக்கா தன் பேரைச் சொன்னதும் மாமனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பொம்பளைக்கா? அது ஆம்பளைப் பேராச்சே!"

"அப்போ உங்கப்பாவுக்குத்தான் தப்பா வச்சுட்டாங்க போல மாமா" என்று சிரித்தாள் அக்கா. வாயாடி. அடுத்த வருஷமே ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

அதற்கப்புறம் பிறந்த வீட்டில் யாராவது அந்தப் பேரை எடுத்தால் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவாள். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். மனுஷி போனது போதாதென்று பேரையும் சேர்த்துப் புதைத்துவிட்டார்களே என்று மருமகளுக்கு வயிறு எரிந்தது. தனக்குப் பெண் பிறந்தால் அக்கா பேர்தான். நாள் முழுக்க வீட்டில் யாராவது அந்தப் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

பெண்ணே பிறந்தது. பேரைச் சொன்னதும் மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கப்பாவே வந்துட்டார்மா!"

'ஆம்பளைப் பேராச்சே மாமா' என்று நாக்கு நுனிவரை வந்ததை மருமகள் விழுங்கிக்கொண்டாள். அவர் யாரை நினைத்தால் என்ன, கூப்பிடும்போது அக்கா பேர்தானே. பச்சைக் குழந்தையைக் கூப்பிடாமல் எங்கே போய்விடுவார்கள்?

கூப்பிட்டால்தானே! "ஏங்க, பெரியவர் ஈரம் பண்ணிட்டார், துணி எடுத்துட்டு வாங்க" என்றாள் மாமியார். "முதலாளி முழிச்சுட்டாரா?" என்று எட்டிப் பார்த்தான் புருஷன். பெரியவர் குப்புற விழுந்தார், பெரியவருக்குப் பல் முளைத்தது, பெரியவர் மாமனாரின் புதுச் சட்டையில் கக்கினார். ஒருநாள் மருமகள் பொறுக்கமாட்டாமல் மகளைப் பேர் சொல்லி, "சும்மா இருடீ!" என்று அதட்டிவிட்டாள். மாமியார் கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

"என்னம்மா இது, அவர் பேரைச் சொல்லி, 'டீ' வேற போட்டு! உன் மாமா காதுல விழுந்தா இன்னிக்குச் சாப்பிட மாட்டார்."

"இவ என் பொண்ணு அத்தை."

"யாரு இல்லன்னா? கொஞ்சம் மரியாதையா வளர்த்துக்கோ."

அதற்கப்புறம் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட அவளுக்கும் வாய் வரவில்லை. புருஷனிடம் சொல்லி அழுதாள். "விடு, நாளைக்குப் பள்ளிக்கூடத்துல டீச்சர் கூப்பிடுவாங்கல்ல" என்று ஆறுதல் சொன்னான் அந்தப் புண்ணியவான்.

குழந்தை நடக்கத் தொடங்கியது. ஒரு மத்தியானம் மாமனார் நாற்காலி ஒன்றுக்குத் துணி போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கையும் துணியில் இருக்கும் என்பதால், ஆணிகளை ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளுவது அவர் தொழில் பழக்கம். தாத்தா செய்வதையே பார்த்துக்கொண்டிருந்த குழந்தை, டப்பாவிலிருந்து ஒரு ஆணியை எடுத்து வாயில் வைத்தது.

மாமனார் தன் வாயிலிருந்த அத்தனை ஆணியையும் தரையில் துப்பிவிட்டு, தெருவே கேட்கப் பேர் சொல்லி அலறினார். "அடியேய்! துப்புடீ! துப்பு!"

குழந்தை அசையவில்லை. அது தன் பேர் என்று அதற்கு யார் சொன்னார்கள்? மருமகள் பாய்ந்து வந்து, வாய்க்குள் விரலை விட்டு ஆணியை எடுத்தாள்.

மாமனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்பாவைப் போய் 'டீ' போட்டுட்டேனேம்மா…"

"அப்பாவை இல்ல மாமா" என்றாள் மருமகள். "எங்கக்காவைத்தான் கூப்பிட்டீங்க. இன்னொரு தடவை கூப்பிடுங்க."

அவர் குழந்தையின் பக்கம் திரும்பினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடியேய்…" என்று ஆரம்பித்து, அந்தப் பேரை மெதுவாக, முழுசாகச் சொன்னார்.

குழந்தை திரும்பிப் பார்க்கவில்லை. மருமகள்தான் அதைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.