நாளைக்கு மட்டும் பங்காளி இல்லை

ராசிங்காபுரம் ஒத்தக்கல் கருப்பசாமி வகையறாவின் ரத்தம், ஒன்பது தலைமுறையாக இந்த மண்ணைவிட்டு ஓரடிகூட வெளியே போனதில்லை. போடி பஸ் நிலையத்துக்கு எதிரே நாற்பதடி நீளத்துக்கு நின்ற பேனர் அப்படித்தான் சொன்னது. அதன் கீழ்வரிசையில் விழாக் குழுவினரின் படங்கள் இருந்தன. பதினேழு பேரில் பதினொரு பேரின் பெயருக்கு அடியில் திருப்பூர், துபாய், சிங்கப்பூர் என்று போட்டிருந்தது.

வாசகம் எழுதியவர் அழகுராஜா. வயது ஐம்பத்தொன்பது, போடியில் ஏலக்காய் வியாபாரம், கூடவே 'வம்சக் காவலர்' என்ற பட்டம். பட்டத்தைக் கொடுத்தது யாரென்று அவரைக் கேட்டால் பங்காளிகள் என்பார். பங்காளிகளைக் கேட்டால் பேனரைக் காட்டுவார்கள்.

பேனரின் நடுவில் தியாகி ராக்கையா இருந்தார். அழகுராஜாவின் பூட்டனுக்குக் கூடப் பிறந்த தம்பி. 1936இல் குரங்கணி மலைச்சரிவில் வெள்ளைக்காரனின் சரக்கு இறக்கும் ரோப்வே கம்பியை ஒற்றை ஆளாக அறுத்தெறிந்து, மார்பில் குண்டு வாங்கி, உடல்கூடக் கிடைக்காமல் வீரமரணம் அடைந்தவர். வெள்ளிக்கிழமை காலை ராசிங்காபுரத்துக் கோயில் வாசலில் அவருக்குச் சிலை திறப்பு. மந்திரி வருவதாக இருந்தது. வராவிட்டாலும் அவருக்குப் போட்ட நாற்காலி வரும்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பந்தல்காரர்கள் சீரியல் விளக்கு கட்டிக்கொண்டிருந்தபோது, பிளாஸ்டிக் உறையில் காகிதங்களை வைத்துக்கொண்டு ஒரு பெண் கோயிலுக்குள் வந்தாள். நாற்பது வயசுக்கு மேல் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளியே நின்றாள்.

"வாம்மா. உபயமா?" என்றார் அழகுராஜா. "இந்தக் கோயில்ல வெளியாள்கிட்ட ஒரு குண்டூசி வாங்க மாட்டோம். பங்காளி உபயம் மட்டுந்தான். போன வருசம் தேவாரத்து மில்லுக்காரரு டியூப்லைட்டு கொண்டாந்தாரு. வந்த வண்டியிலயே திருப்பிவிட்டேன்."

"உபயம் குடுக்க வரேல்லைங்க. ஒரு கையெழுத்து வேணும்."

அவள் பெயர் ஜோதி. இலங்கையில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்தவள். பிறந்த வருசமே கலவரம், லயம் எரிந்தது. குடும்பம் வடக்கே கிளிநொச்சிக்கு ஓடியது. அங்கே யுத்தம் வந்தது. ஏழு வயதில் படகேறி ராமேஸ்வரம், பிறகு மதுரைப் பக்கத்து அகதி முகாம். முப்பத்தைந்து வருடமாக அதே பத்தடி வீடு, தினமும் மாலை ஆறு மணிக்குத் தலை எண்ணுவார்கள். அவளையும், முகாமிலேயே பிறந்த மகள் சுஜிதாவையும் எந்த நாடும் தன் ஆள் என்று எழுதிக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை கோர்ட்டில் குடியுரிமை வழக்கு விசாரணை. தாத்தா இந்த மண்ணிலிருந்து போனவர்தான் என்று பூர்வீக ஊரில் ஒரு பங்காளி எழுதிக் கொடுத்தால் வழக்குக்குப் பலம் வரும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். கடிதத்தையும் அவரே அடித்துக் கொடுத்துவிட்டார். கையெழுத்துக்கும் உறவுமுறைக்கும் மட்டும் இடம் விட்டிருந்தது.

"இன்னைக்கு மட்டுந்தான் வெளிய விட்டிருக்காங்க. ரெண்டு மணி பஸ்ஸைப் பிடிச்சாத்தான் ஆறு மணிக்கு உள்ள போகலாம்" என்றாள்.

"சரி, உங்க தாத்தா பேரு?"

"ராக்கையா."

ஏணியில் நின்ற பந்தல்காரன் கீழே பார்த்தான். அழகுராஜா சிரித்தார்.

"எந்த சாமி கும்பிடுவாரு?"

"ஒத்தக்கல் கருப்பு. மலையடியில, புளியந்தோப்புக்குப் பக்கத்தில எண்டு அப்பா சொல்லுவார்."

"அண்ணன் தம்பி?"

"ஒரே அண்ணன். பெரியாண்டி."

"ஏம்மா, இதெல்லாந்தான் பேனர்ல போட்டிருக்கே!" அழகுராஜா பக்கத்தில் நின்ற தன் மகனைப் பார்த்தார். "பிரதீப்பு, போட்டிருக்கோமில்ல?"

"எல்லாம் போட்டிருக்குப்பா. பூட்டன் பொண்டாட்டி பேரு வரைக்கும்" என்றான் பிரதீப். மூன்று மாதம் உட்கார்ந்து வம்சக் கொடியைக் கணினியில் வரைந்தவன் அவன். சோதித்துப் பார்க்கலாம் என்றால் கேட்பதற்கு ஒரு கேள்விகூட மிச்சமில்லை. குடும்பத்தின் அத்தனை ரகசியத்தையும் நாற்பதடிக்கு அடித்து பஸ் நிலையத்தில் நிறுத்தியாயிற்று.

"அப்ப நாளைக்கு எவன் வேணாலும் வந்து நானும் பெரியாண்டி பேரன்னு நிப்பான். நின்னா ஏத்துக்கிற முடியுமா?" என்றார் அழகுராஜா. அழகுராஜாவின் மனைவி மாயக்காள் ஜோதியிடம் தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். "குடி ஆத்தா. ஏங்க, வெயில்ல நிக்கவச்சா கேப்பாக?"

"இரு. ஏம்மா, எங்க ராக்கையா குண்டடி பட்டுச் செத்தவரு. செத்தவரு எப்படி இலங்கைக்குப் போவாரு?"

ஜோதி தண்ணீரைக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "குண்டெல்லாம் இல்லைங்க. தாத்தா மலையில இருந்து பொதிமாட்டில ஏலக்காய் இறக்கினவர். அண்ணன்ட காளை பள்ளத்தில விழுந்து செத்துப்போச்சு. வீட்டுக்குப் போனா அண்ணன் தோலை உரிச்சிடுவார் எண்டு பயந்து, கங்காணியோட கப்பலேறிட்டார்."

பந்தல்காரன் ஏணியிலிருந்து இறங்கி உட்கார்ந்துகொண்டான்.

அழகுராஜாவின் குரல் மாறியது. "யாரு சொல்லி அனுப்புனது உன்னைய? மில்லுக்காரனா?"

"யாரும் அனுப்பேல்லை."

"அப்ப உங்கப்பன் எங்க? பேரனோ பேத்தியோ வேணாம், மகன் வந்து பேசட்டும். பொம்பளைய அனுப்பிட்டு அவரு எங்க போனாரு?"

"அப்பா செத்து இன்னைக்கு ஒன்பதாம் நாளுங்க."

அதுவரை கருவறைப் படியில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த பூசாரி ஒச்சப்பன் கையிலிருந்த நாரை விட்டார். அறுபத்தைந்து வயது. அவரும் பங்காளிதான். சாமியாடும்போது ஊரையே அதட்டுவார், மற்ற நேரத்தில் சாமிக்குப் பயந்தே காலம் தள்ளுவார்.

"என்ன சொன்ன? ஒன்பதா?"

"ஓமுங்க. போன புதன் விடியக்காலை."

ஒச்சப்பன் எழுந்து படியைவிட்டு இறங்கினார். பூவைத் தொடவில்லை. "தம்பி, தீட்டு."

"யாருக்குண்ணே தீட்டு? ரோட்டுல போறவுக வீட்டுச் சாவுக்கு நமக்கென்ன?"

"இவுக ரோட்டுல போறவுகளா இருந்தா நமக்கு ஒண்ணுமில்ல. பங்காளியா இருந்தா? பதினாறு கழியாம நம்ம வகையறாவுல ஒருத்தனும் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. நாளைக்கு மாலை, சிலை, கெடா, அம்புட்டும் தீட்டோட. கருப்பன் சும்மா விடுவானா? எங்கய்யா காலத்துல இப்படித் தெரியாமச் செஞ்சு, ஆறு மாசத்துல வரிசையா மூணு வீட்டுல இழவு."

"தெரியாமச் செஞ்சா சாமி மன்னிக்கும்ணே."

"இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே!"

இப்படி ஒரு வழக்கு அந்தக் கோயிலில் அதுவரை வந்ததில்லை. அவளைப் பங்காளி இல்லை என்று சொல்ல அழகுராஜாவுக்கு ஆசை. பங்காளிதானோ என்று மற்றவர்களுக்குப் பயம். மணி பதினொன்றே முக்கால். தகவல் தெரிந்து பங்காளிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்கள் யாரும் உள்ளே வரவில்லை, வேலியோரம் வரிசையாக நின்றார்கள். துபாய்க்காரர் மட்டும் வீடியோவில் உள்ளே இருந்தார். வீடியோவில் வருபவருக்கும் தீட்டு உண்டா என்று தெரியாததால் பிரதீப் போனை வெளியே எடுத்துப்போனான்.

ஜோதி நேரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு மணிக்குக் கிளம்பாவிட்டால் ஆறு மணித் தலைக்கணக்கில் ஒரு தலை குறையும். அடுத்த தடவை வெளியே விட மாட்டார்கள். திங்கட்கிழமையும் போய்விடும்.

"ஏதாச்சும் சாமான் வச்சிருக்கியா ஆத்தா? போட்டோ, கடுதாசி?" என்று கேட்டாள் மாயக்காள்.

"இருந்ததெல்லாம் கிளிநொச்சியில வீட்டோட போச்சுங்க." ஜோதி யோசித்தாள். "தாத்தா கோயிலுக்கு ஒரு மணி செய்து அனுப்பினவராம். ஊருக்குத் தன் முகத்தைக் காட்ட வெக்கப்பட்டு, ஊருக்கு வந்த யாரிட்டயோ குடுத்துவிட்டாராம். அப்பா அதைத்தான் அடிக்கடி சொல்லுவார். அந்த மணி இருக்குதாங்க?"

"மணியா?" அழகுராஜாவுக்கு உயிர் வந்தது. "பாத்துக்க! இந்தக் கோயில்ல இருக்கறது ரெண்டே மணி. ஒண்ணு எங்கப்பா வச்சது, இன்னொண்ணு நான் வச்சது. ரெண்டுலயும் பேரு வெட்டியிருக்கு. ஒச்சப்பண்ணே, நீங்களே சொல்லுங்க, மூணாவதா ஒரு மணி உண்டா?"

ஒச்சப்பன் கருவறை இருட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "திருநீறு அள்ளுறோமே, அது என்னா தம்பி?" என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை.

"நாக்கு விழுந்துபோன மணி அது. அடிச்சாச் சத்தம் வராதுன்னு எங்கய்யா தலைகீழாத் திருப்பி, மணல்ல பாதி புதைச்சு, திருநீறு கொட்டிவச்சாரு. நானும் அப்படியே வச்சிட்டேன்."

அந்த வகையறாவில் பிறந்த ஒவ்வொருவர் நெற்றியிலும் அந்த மணியிலிருந்துதான் திருநீறு ஏறியிருந்தது. அழகுராஜா வம்சக் காவலராகப் பட்டம் சூட்டிக்கொண்ட அன்றைக்கும்.

தீட்டோ இல்லையோ தெரியாத நிலையில் யார் உள்ளே போவது என்று ஒரு வாக்குவாதம் நடந்தது. கடைசியில், எந்தப் பக்கத்துக்கும் உறவில்லாத பந்தல்காரனை அனுப்பினார்கள். அவன் மணியைப் பிடுங்கிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் வைத்தான். அரையடி உயரம், கன்னங்கரேலென்று எண்ணெய்ப் பிசுக்கு. மாயக்காள் புளியைக் கரைத்துச் சாம்பலோடு சேர்த்துத் தேய்த்தாள். எல்லாரும் குனிந்தார்கள்.

தமிழன் எதைக் கொடுத்தாலும் பெயர் வெட்டாமல் கொடுக்க மாட்டான். வெட்கப்பட்டு ஒளிந்து வாழ்ந்தவனும் வெட்டியிருந்தான்.

பிரதீப்தான் வாசித்தான். "பெரியாண்டி தம்பி ராக்கையா உபயம். நாவலப்பிட்டி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து..." அவன் நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தான்.

"வாசிடா."

"அம்பத்து மூணுப்பா."

"தியாகி செத்துப் பதினேழு வருசம் கழிச்சு மணி அனுப்பியிருக்காரு" என்றது வேலியோரம் ஒரு குரல். "வெள்ளைக்காரன் குண்டு லேசாத்தான் பட்டிருக்கும்போல."

"இது வேற ராக்கையாவா இருக்கும்" என்றார் அழகுராஜா.

"வேற ஆளு உபயம் இங்க வாங்குறதில்லையே தம்பி" என்றார் ஒச்சப்பன். அதில் கிண்டல் ஒன்றும் இல்லை. சாமிக்குப் பயந்துதான் சொன்னார்.

அழகுராஜா ஜோதியைத் தனியே மரத்துக்குப் பின்னால் அழைத்தார். தனியே என்றால், பதினைந்து பேர் காதுபடத் தனியே. குரலில் ஏலக்காய் ஏலத்தில் பேசும் நயம் வந்திருந்தது.

"இங்க பாரு தாயி. நான் இல்லேங்கல. சனிக்கிழமை வா, நீ கேக்குற இடத்துல கையெழுத்துப் போடுறேன். மணியையும் தொங்கவிடுவோம். நாளைக்கு மட்டும் நீ பங்காளி இல்ல. ஒரே ஒரு நாளு."

ஜோதி அவரையே பார்த்தாள். "சனிக்கிழமை என்னை வெளிய விட மாட்டாங்க."

"நானே கொண்டாந்து தர்றேன்."

"நாளைக்குச் சிலை திறந்தபிறகு குடுப்பீங்களா?"

கேட்டது ஜோதி. தியாகிக்குச் சிலையைத் திறந்துவிட்டு, அவர் கொழும்புக்குக் கப்பலேறியதாக மறுநாள் கோர்ட்டுக்குத் தான் எழுதிக்கொடுக்கப்போவதில்லை என்பது அழகுராஜாவுக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்பதுதான் அவருக்குச் சங்கடம்.

"எங்கட அப்பா செத்து ஒன்பது நாள்" என்றாள் ஜோதி. குரல் உயரவில்லை. "செத்த வீட்டுக்குப் பங்காளி எண்டு ஒருத்தரும் வரேல்லை. கொள்ளிக்குடம் சுத்தக்கூட முகாமில யாரோ ஒரு பையன்தான். நான் இப்ப இல்லை எண்டு சொல்லிட்டுப் போனா, அவர் யாருமில்லாமச் செத்ததாத்தான் இருக்கும். நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுறதா இருந்தா, கருவறையைப் பாத்து நீங்களே சொல்லுங்க."

பன்னிரண்டு ஐம்பது.

அழகுராஜா கருவறைப் பக்கம் திரும்பினார். வேலியோரம் நின்றவர்கள் யாரும் சொல்லி வைக்காமலே இரண்டடி பின்னுக்குப் போனார்கள். பிரதீப் அப்பாவிடமிருந்து விலகி நின்றான். ஒச்சப்பன் இடுப்பிலிருந்த கோயில் சாவியை அவிழ்த்து, அழகுராஜாவுக்கும் தனக்கும் நடுவில் தரையில் வைத்தார்.

"சொல்லிட்டு நீயே எடுத்துக்க தம்பி. நாளைக்கு நீயே பூசையும் பண்ணிக்க. எனக்கு மூணு பேரப்பிள்ளைக."

சாவி வெயிலில் கிடந்தது. எடுக்க ஆளில்லை. அழகுராஜாவுக்கு நெற்றியெல்லாம் வேர்த்து, காலையில் அந்த மணியிலிருந்து எடுத்துப் பூசிய திருநீறு மூக்குவரை வழிந்தது.

"பேனாக் கொண்டா" என்றார்.

பிரதீப் ஓடிப்போய்க் கொண்டுவந்தான். அழகுராஜா கடிதத்தை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். உறவுமுறைக் கட்டத்தில் பேனா நின்றது. பெரியாண்டி மகன், அவர் மகன், அவர் மகன் தான். ராக்கையா மகன், அவர் மகள் இவள். பிரதீப் விரல்விட்டு எண்ணினான்.

"உங்களுக்கு அத்தை முறை வருதுப்பா."

"என்னையவிடப் பதினேழு வயசு எளையவடா!"

"எளையவளா இருந்தா என்ன, அத்தை அத்தைதான்" என்றாள் மாயக்காள். "இம்புட்டு நேரமும் அத்தைய வெயில்ல நிக்கவச்சு ஏம்மா, நீ, வான்னு பேசுனீகளே. எழுதுங்க, வெரசா எழுதுங்க. சின்ன மாமியாளுக்குப் பஸ்சுக்கு நேரமாகுது."

எழுதினார். பிரதீப் பைக்கில் ஏற்றிக்கொண்டுபோய் ஓடத் தொடங்கியிருந்த ரெண்டு மணி பஸ்ஸை மறித்து ஜோதியை ஏற்றிவிட்டான். மந்திரி வீட்டுக்கு, 'தவிர்க்க முடியாத பங்காளித் துக்கம், விழா இல்லை' என்று தகவல் போனது. துக்கம் எந்த ஊரில் என்று அவர்கள் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கோர்ட்டில் கடிதத்தை வாங்கிக் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள். ஜோதியின் பெயருக்கு நேரே முதல்முறையாக ஒரு பூர்வீக ஊர் ஏறியது. அடுத்த வாய்தா மூன்று மாதம் தள்ளி.

பதினாறாம் நாள் கருமாதி. பங்காளிகள் போகாமல் தீட்டுக் கழியாது. இரண்டு ஜீப்பில் பதினான்கு பேர் முகாமுக்குப் போனார்கள். வாசலில் காவலர் நோட்டை விரித்து ஒவ்வொருவரிடமும் ஆதார் அட்டை கேட்டார். பதின்மூன்று பேர் காட்டினார்கள். அழகுராஜா தான் யார் என்பதைச் சற்று விரிவாகவே சொன்னார். காவலர் கேட்டுவிட்டு, அட்டை எங்கே என்றார்.

அட்டை வீட்டில் இருந்தது. அத்தை வந்து, இவர் எங்கள் ஆள்தான் என்று நோட்டில் கையெழுத்துப் போட்டபிறகு அவரை உள்ளே விட்டார்கள்.