தேரியில் நட்ட கல்லுக்கால்

வேலி வாசலுக்கு நட்ட கல்லுக்காலைக் கட்டிப்பிடித்தபடி உச்சிவெயிலில் நிற்கிறாள் அக்கா, கன்னம் கல்லில் ஒட்டியிருக்கிறது, கல் சுடுகிறது, ஆனாலும் விடமாட்டாள், கலவை இறுகும்வரை யாராவது பிடித்தாக வேண்டும், மண் அப்படி, உடன்குடிப் பக்கத்துத் தேரி மண், சிவப்பாக, மாவு போல, ஒரு முழம் தோண்டினால் இரண்டு முழம் சரிந்து குழியை மூடும், நான் பிடிக்கிறேன் நீ உட்காரு என்கிறேன், ஏல, படிப்ப விட்ட, மில்லுல ராத்திரி ஷிப்ட விட்ட, நீ பிடிச்சு எது நின்னுருக்கு, கலவையப் போடு என்கிறாள், சிரிக்கிறாள், சிரிக்கும்போது முன்பல் இல்லாத இடம் தெரிகிறது, அது அத்தான் உடைத்தது.

அந்தப் பல் போன மறுநாள்தான் வந்தாள், ஒரு தகரப்பெட்டியோடு, அப்பா அவள் பேருக்கு எழுதிவைத்த ஐம்பது சென்டில் கூரை போட்டு முருங்கை வைத்தாள், ஆடு தின்றது, மறுபடி வைத்தாள், மறுபடி தின்றது, அத்தான் பைக்கில் வந்து இறங்காமலே, வேலி இல்லாத எடத்துல எத்தன நாளைக்கி இருப்ப, ஆடிக் காத்துல மண்ணு வந்து மூடும், நீயே வந்துருவ என்றார், அவள் என் பக்கம் திரும்பி, வேலிக்கு எத்தன காலு வேணும்ல என்றாள்.

முதல் தடவை கெடுத்தது நான்தான், சுற்றிலும் மலை மலையாக மணல் கிடக்க எதற்கு வண்டி வைத்து ஓடைமணல் என்று தேரி மண்ணையே சிமெண்டில் கலந்தேன், நான்கு கால்கள், மூன்றாம் நாள் ஓர் ஆடு வந்து முதுகைச் சொறிந்துகொண்டது, கால் சாய்ந்தது, அடியில் கான்கிரீட் புட்டாக உதிர்ந்தது, அக்கா ஒரு கட்டியை எடுத்துப் பொடித்து, தேங்காப்பூ மட்டுந்தாம்ல போடல என்றாள், அவ்வளவுதான், திட்டியிருந்தால் போய்ப் படுத்திருப்பேன், மறுநாள் ஓடைமணல் வந்தது, ஜல்லி வந்தது, அடியை வெட்டிய தார் டின்னைக் குழிக்குள் இறக்கி, அதற்குள் காலை நிறுத்திக் கலவையைக் கொட்டுகிறோம், வெயில் கண்ணெதிரே ஈரத்தை உறிஞ்சுகிறது, ஏழு நாள் ஈரச்சாக்கு சுற்றி, குடிக்க வைத்த குடத்தையும் அவள் அதன் அடியிலேயே ஊற்றுகிறாள், புள்ளையக் குளிப்பாட்டுத மாதிரில்லா ஊத்துத என்றேன், இது ஒன்ன மாதிரி வாயடிக்காதுல்லா என்றாள், அல்லது அது கனவில் சொன்னதா, பகலில் தூங்கிப் பழகியவனுக்கு எது வெயில் எது கனவு என்று பிடிபடுவதில்லை, கனவில் கால்கள் வரிசையாக நடந்து கடலுக்குப் போகின்றன, நான் பின்னால் ஓடுகிறேன், அக்கா மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறாள்.

ஆடி வந்தது, காற்று வந்தது, மண் முழங்கால் உயரம் ஏறியது, கால்கள் நின்றன, அத்தானும் வந்தார், இந்தத் தடவை இறங்கினார், ஏட்டி சுயம்புக்கனி, வெளையாண்டது போதும், ஏறு வண்டில என்று அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார், நான் கடப்பாரையைத் தேடினேன், அது எங்கேயோ மண்ணுக்குள் புதைந்து கிடந்தது, அதற்குள் அவள் மறுகையால் வாசல் காலைக் கட்டிக்கொண்டாள், கன்னம் கல்லில், அவர் இழுக்கிறார், செருப்பு மணலில் வழுக்குகிறது, இன்னொரு தடவை இழுக்கிறார், கால் அசையவில்லை, கடைசியில் அவர்தான் விட்டார்.

பைக் சத்தம் தேரியைத் தாண்டிப் போய் வெகுநேரம் ஆயிற்று, அவள் இன்னும் விடவில்லை, உச்சிவெயில், கல் சுடும், கிட்டே போய் மெதுவாகச் சொன்னேன், விடுக்கா, இறுகிட்டு.