செருப்பு கட்டிய கத்திரி

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் நாற்காலி போட்டு, பெண்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு மஞ்சள் ஒட்டுத்தாள். புதுமையாக யோசிக்க ஐந்து பழக்கங்கள் வேண்டும் என்று கொச்சியிலிருந்து வந்த டின்சி மேடம் சொல்லிக்கொண்டிருந்தார். முருகேஸ்வரிக்கு ஒரே யோசனைதான்: பிடுங்கிக்கொண்டு போன தன் கத்திரி எப்போது திரும்பக் கிடைக்கும்?

எஸ்டேட் கத்திரி கொஞ்சம் சாய்ந்தாலும் முற்றல் இலையையும் சேர்த்து வெட்டிவிடும். போன மாதம் வார் அறுந்த ஒற்றைச் செருப்பின் அடியை அறுத்து, அலகுக்குக் கீழே கம்பியால் கட்டினாள். கத்திரி செடிமேல் வழுக்கிக்கொண்டு போனது. கொழுந்து மட்டும் கத்திரியோடு இணைந்த பெட்டியில் விழுந்தது. பார்த்த மூன்று பேர் பழஞ்செருப்பு தேடி வீட்டுக்கு ஓடினார்கள். பீல்டாபீசர் தங்கதுரையும் பார்த்தார். கம்பெனி சாமானைக் கெடுத்தாள் என்று மெமோ கொடுத்து, கத்திரியை வாங்கிக்கொண்டு களைவெட்டுக்குத் தள்ளினார். முட்டுவலிக்காரியான அவள் அன்றிலிருந்து நாள் முழுக்கக் குனிந்தே கிடக்கிறாள்.

"கையில உள்ளத வெச்சு செஞ்சு பாக்கணும். பெர்மிஷன் கேட்டு நின்னா ஐடியா செத்துப் போகும், கேட்டோ," என்றார் மேடம்.

"ஏட்டி, நீ கேக்காமச் செஞ்சதுக்குத்தான மெமோ?" பக்கத்து நாற்காலியிலிருந்த செபமாலையம்மாள் முருகேஸ்வரியின் காதைக் கடித்தாள்.

மேடம் மேசைத் துணியை விலக்கினார். கண்ணாடிப் பெட்டிக்குள் கத்திரி, அலகுக்குக் கீழே நீல ரப்பர். பக்கத்தில் பெயர் அச்சடித்த அட்டை.

"நம்ம தங்கதுரை சார் கண்டுபிடிச்சது. ஜில்லா மத்சரத்துக்கு, போட்டிக்குப் போகுது!"

வடையும் காப்பியும் அப்புறம்தான் என்பதால் கைதட்டல் பலமாகவே விழுந்தது. தங்கதுரை மாலை போடத் தோதாகத் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

முருகேஸ்வரி எழுந்தாள்.

"அது என் செருப்பு மேடம்."

"இவ களைவெட்டு மேடம். இவளுக்குக் கத்திரியே கெடையாது," என்றார் தங்கதுரை.

"கெடையாதுதான். புடுங்குனது யாரு?"

அவள் காலில் ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். நீலத்தைக் கழற்றி, வெள்ளை விரிப்பில் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். அதே நீலம், அதே கட்டம், தேய்ந்த தேய்மானமும் அதேதான்.

"கத்திரியக் குடுங்க சார். நாளைக்குக் கொழுந்துக்குப் போணும்."

செருப்பிலிருந்து காலைச்சேறு உதிர்ந்து, தங்கதுரை பெயர் போட்ட அட்டைமேல் விழுந்தது. பின்வரிசையில் ஒரு நாற்காலி இழுபட்டது, பிறகு இன்னொன்று; அன்று பழஞ்செருப்பு தேடி ஓடியவர்கள் எழுந்துகொண்டிருந்தார்கள்.