மறுத்தவர்கள்: ஒன்று

காகித டம்ளரில் இருந்த தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு ஆர்லிஸ் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மூன்று மணி நேரத்துக்குள் சிறுநீர் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. பாதி நேரத்துக்கு மேல் போயே விட்டது. மாதிரி எடுக்கிற பெண் கெய்லா, ஆர்லிஸின் மகளைவிடச் சின்னவள், கதவருகில் நின்று கூச்சத்தோடு கேட்டாள்.

"இப்ப வருமா சார்?"

"நீ கேக்கக் கேக்க உள்ளதாம்மா போகுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வில்டா, ப்ளம்லி நகராட்சியின் குமாஸ்தா. தண்ணீர் வரி வாங்குவது, நாய்களுக்கு லைசென்ஸ் கொடுப்பது, கல்லறைத் தோட்டத்தில் இடம் விற்பது எல்லாம் நான்தான். ஊருக்குச் சொந்தமாக காஸ் குழாய் இருக்கிற பாவத்துக்கு, அந்தக் குழாயைத் தொடுகிறவர்களைப் போதைப் பரிசோதனைக்கு அழைத்து வருவதும் கணக்கு வைப்பதும்கூட என் தலையில்தான் விழுந்தது. தொடுகிறவர்கள் மொத்தமே இரண்டு பேர், ஆர்லிஸும் டிராயும். டிராய் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருக்கிறான். பல ஊர்களின் பெயர்களை ஒன்றாகக் கம்ப்யூட்டரில் போட்டுக் குலுக்குகிறார்கள். அப்படிக் குலுக்கியும் இந்த வருடம் மூன்றாவது தடவையாக ஆர்லிஸ்தான் வந்து விழுந்தான். இருமல் மருந்தில் சாராயம் இருக்கிறதென்று அதைக்கூடத் தொடாத பாப்டிஸ்ட் சர்ச்சில் ஊழியம் செய்கிற டீக்கன் அவன். பள்ளிக்கூடத்திலிருந்தே அவனை எனக்குத் தெரியும், பக்கத்தில் ஆள் நின்றால் அவனுக்கு ஒன்றுக்கு வராது என்பது உட்பட.

எங்களைப் போன்ற சின்ன ஊர்கள் பரிசோதனையின் வருடக் கணக்கைக் கையில் வைத்திருந்தால் போதும், அரசாங்கம் எழுதிக் கேட்டால்தான் அனுப்ப வேண்டும். இந்த டிசம்பரில் கேட்டுவிட்டார்கள். அதனால் நானும் ஒரு குறையும் இல்லாமல் முடித்துவிட வேண்டும் என்று, அவன் கூடவே காஸ் வண்டியில் ஏறி, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி வரை வந்து காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

பையில் எதுவும் இருக்கக் கூடாது என்பதால் ஆர்லிஸின் போன் என்னிடம் இருந்தது. அது அடித்தது. எங்கள் ஊர் சர்ச்சின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிற ஜோலீன் பேசினாள்.

"ஆர்லிஸ் எங்க வில்டா? கீழ ஒரே காஸ் நாத்தம். பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டு வந்து தீயணைப்புக்கும் சொல்லியாச்சு. ஆனா ரோட்டுலயும் அடிக்குது. சீக்கிரம் வரச் சொல்லு."

தீயணைப்புக்காரர்கள் ஆட்களை விலக்கி நிறுத்துவார்கள். தெருவுக்கு அடியில் எந்த வால்வை மூட வேண்டும் என்று தெரிந்தவன் என் எதிரில் வயிறு நிறையத் தண்ணீரோடு உட்கார்ந்திருக்கிறான். சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது? அவன் எழுந்து கோட்டை மாட்டினான்.

"யோவ், இரு. பாதியில எழுந்து போனா பரிசோதனைய மறுத்ததா ஆயிடும். போதையில மாட்டினவனும் நீயும் ஒண்ணுதான்."

"அப்ப சர்ச்சத் தூக்கிட்டு இங்க வரச் சொல்லு."

கெய்லாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சார், நீங்க போனீங்கன்னு நான் எழுதித்தான் ஆகணும் சார்."

"எழுதும்மா. கிறுக்காம எழுது."

ஊருக்குப் பாதி தூரம் வருவதற்குள் வண்டி ஒரு சோள வயல் ஓரமாக நின்றது. ஆர்லிஸ் கதவைத் திறந்து குதித்து ஓடினான். சோளம் அறுத்த கட்டைகளுக்குமேல் அது கொட்டுகிற சத்தம் மூடிய கண்ணாடியையும் தாண்டிக் கேட்டது. நிற்கவே இல்லை. இரண்டு மணி நேரம் கெஞ்சியும் வராதது, யாருக்கும் பிரயோஜனமில்லாமல் ஒரு வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. திரும்பி வந்து ஏறியவன், "பேசாத" என்றான்.

சர்ச் வாசலில் எல்லாரையும் தூரத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். ஆர்லிஸ் வால்வை மூடினான். நாற்றம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அதோடு நான்கு தெருக்களுக்கு வீட்டுச் சூடும் நின்றுபோனது. பழைய இணைப்பு ஒன்று விட்டுப்போயிருக்கிறது, தோண்டி மாற்றினால் இருட்டுவதற்குள் காஸ் விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டு அவன் தோண்டத் தொடங்கினான். பக்கத்து ஊரிலிருந்து ஆள் கேட்டுப் பார்த்தேன். நாளைக்குத்தான் வர முடியுமாம். வானம் பனி கொட்டுகிற நிறத்துக்கு மாறியிருந்தது.

எங்கள் பரிசோதனைக் கணக்கைக் கவனிக்கிற, துல்சா நகரத்தில் இருக்கிற கம்பெனிக்குப் போன் செய்தேன். நடந்ததை எல்லாம் ஒருவர் பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல மனுஷன்தான் மேடம். ஆனா அவசரமாப் போனாருன்னு போடறதுக்கு ஒரு கட்டம் இல்லையே. கலப்படம் பண்ணினவர், மாத்திக் குடுத்தவர், காரணமில்லாம சிறுநீர் வராதவர், வேற வகையில மறுத்தவர். இவ்வளவுதான் இருக்கு."

"அப்ப மறுத்தவர்னு போடணுமா?"

"அத நான் சொல்லக் கூடாது. முடிவு வேலை குடுக்கறவங்க எடுக்கணும். அதாவது நீங்க. மறுத்தாருன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா அந்த நிமிஷத்துலேருந்து அவரு குழாயத் தொடக் கூடாது. மதிப்பீடு, ஆலோசனை, மறுபடி பரிசோதனை, எல்லாம் முடிஞ்சாத்தான் வேலை."

"இல்லன்னு எழுதினா?"

"அங்க அந்தப் பொண்ணு எழுதின காகிதம் ஒண்ணு இருக்கே மேடம்."

மேயர் டூயேன் டயர் கடையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். "ஜனங்க குளிர்ல நிக்குறாங்க வில்டா. நீயே பாத்துச் செய்" என்று என் தோளைத் தட்டிவிட்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி போய்விட்டார். சம்பளம் தருகிற ஊரே என்னைப் பார்த்துச் செய்யச் சொல்கிறது. சட்டம் எழுதினவன் பார்த்துச் செய்திருந்தால் என்ன? இப்போது மறுத்தவன் என்று சொன்னால், பைபிளைத் தவிர எதையும் கையில் பிடித்து ஆடாத ஒருவனை ஊர் முன்னால் போதைக்காரர்களோடு நிறுத்த வேண்டும். சொல்லாமல் விட்டால், நாளைக்கு ஏதாவது ஒன்று வெடிக்கும்போது என் பேனாதான் முதலில் மாட்டும். எதைச் செய்தாலும் என் கையெழுத்துதான்.

குழியின் விளிம்புக்குப் போனேன். இடுப்பளவு பள்ளத்தில் அவன் நின்றிருந்தான். எதிர் வீட்டு வாசலில் ஒருத்தி கைக்குழந்தையைப் போர்வையோடு சுற்றிப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"என்னையே முடிவு பண்ணச் சொல்றாங்க. நீ மறுத்துட்டன்னு நான் சொன்னா இப்பவே மேல ஏறணும் ஆர்லிஸ்."

அவன் மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பண்ணிட்டியா?"

நான் எதிர் வீட்டுக் குழந்தையைத் திரும்பிப் பார்த்தேன்.

"சரி, பண்ணாத வரைக்கும் அந்தப் பெரிய ஸ்பேனர எடு."

ஆபீஸ் பாவாடையோடு சேற்றில் முட்டி போட்டு ஸ்பேனரை எடுத்து நீட்டினேன். இரும்பு விறைத்துப்போயிருந்தது. முதல் பனித் துளிகள் அதன்மேல் விழுந்தன. அவன் மறுமுனையைப் பிடித்து இழுத்தான். என் விரல்கள் இன்னும் விடவில்லை.