அரை வினாடி

மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறையில், கல்லறுக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஈரக் கருங்கல்லின் மேலேயே உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்திருந்தாள் ஜெனிஃபர். சுடிதார் முழுக்கக் கல்மாவு. கேளம்பாக்கத்துக் கம்பெனியொன்றில் காண்டிராக்ட் இன்ஜினியர் அவள். மெஷினை ஓட்டும் கன்ட்ரோலருக்குப் புரோகிராம் எழுதியவள். செவ்வாய்க்கிழமை மெஷின் பாதிக் கல்லில் தானாக நின்றுவிட்டதாம். பட்டறை முதலாளி குதித்த குதியில் மேனேஜர் நிதின் அவளை இங்கே விரட்டியிருந்தான்.

"வாட்ச்டாக ஆஃப் பண்ணிட்டு வா. இல்லேன்னா திங்கக்கிழமை வேலைக்கே வராத."

வாட்ச்டாக் என்பது கன்ட்ரோலருக்குள் இருக்கும் காவல் கடிகாரம். 'உயிரோடிருக்கிறேன்' என்று புரோகிராம் அரை வினாடிக்கு ஒருமுறை அதற்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கன்ட்ரோலர் ரீசெட் ஆகி, பிளேடுக்குப் பிரேக் விழும். பழைய புரோகிராமில் அதைச் சொன்னது தனியாக ஒரு டைமர். மற்றதெல்லாம் உறைந்து கிடந்தாலும் அது பாட்டுக்குப் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். என்ன கண்றாவி! நிதினோடு மூன்று நாள் சண்டை போட்டு, மெயின் புரோகிராமே அதைச் சொல்லும்படி மாற்றியவள் இவள்தான்.

சென்சார் ஒயரில் தண்ணீர் இறங்கியிருந்தது; புரோகிராம் உறைந்தது அதனால்தான். ஒயரை மாற்றி முடித்தபோது, மெஷினில் கல் தள்ளும் பாப்பா டீயோடு வந்தாள்.

"அன்னிக்கி இன்னாத்துக்கு மேடம் நின்னுச்சு?"

"புரோகிராம் ஸ்டக் ஆயிடுச்சுக்கா. ஸ்டக் ஆனா நிக்கிற மாதிரி நான்தான் வச்சேன்."

"நீயா வச்ச?" பாப்பா டீயைக் கீழே வைத்துவிட்டு அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "கிளவுஸு பிளேடுல மாட்டிகிச்சும்மா. சுவிட்ச அமுக்குறேன், அமுக்குறேன், கேக்கவே இல்ல. கைய இழுத்துகினு போவுது. அப்பதான் டக்குனு நின்னுச்சு. நீ நல்லா இருக்கணும்மா, புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்."

பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். ஜெனிஃபருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதிய புரோகிராமுக்கு இதுவரை யார் இப்படிக் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள்? கர்த்தரே, அன்றைக்கு விட்டுக்கொடுக்காமல் இருந்தேனே என்று நெஞ்சு நிறைந்தது.

போன் அடித்தது. நிதின். "ஆஃப் பண்ணிட்டியா?"

"இல்ல சார். பண்ண மாட்டேன். ஒருத்தங்க கையே போயிருக்கும்."

"அப்ப திங்கக்கிழமை வந்து ஐடி கார்ட குடுத்துட்டுப் போ."

லேப்டாப்பை மூடினாள். டீ இன்னும் சூடாகத்தான் இருந்தது. கடைசிச் சொட்டு வரைக்கும் ரசித்துக் குடித்தாள்.

"வேல ஆவட்டும்!" என்று உள்ளேயிருந்து முதலாளி குரல் கொடுத்தார். பாப்பா அவசரமாகக் கிளவுஸை மாட்டிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை கிழிந்த அதே கிளவுஸ். இரண்டு விரல் நுனியிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது.