ஈரத்தில் மிதந்த சிவப்புப் பட்டை

வாருங்கள், வந்து இந்த அறையைப் பாருங்கள்! விதி என்று தலையாட்டிவிட்டு நகர்வதற்கு முன், ஒரு கொடுமை நடந்தேறும் விதத்தைக் கண்ணால் காணுங்கள்.

தில்லை நகரில் ஒரு வாடகை மாடி. பிலோமின்ராஜ் வெறுங்காலோடு குனிந்து, தாம் செய்த சின்ன விமானத்தின் வெள்ளை இறக்கையில் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தார். அந்த ஈரத்தின்மேல் சூட்டில் ஒட்டும் சிவப்பு பிளாஸ்டிக் ஃபிலிம் பட்டையை மிதக்கவிட்டு, நேராக்கி, அட்டைத் துண்டால் தண்ணீரை வழித்தெடுத்தால் கொப்புளம் விழாது. பிறகு கைக்கடக்கமான இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் பட்டை ஒட்டிக்கொள்ளும். வழித்த தண்ணீர் அவர் கால்விரல்களைச் சுற்றித் தேங்கிக்கொண்டிருந்தது.

அவர் மனைவி பிரான்சி கதவருகே நின்றாள். அவளுக்கு உள்ளே வரவும் மனமில்லை, விலகிப் போகவும் மனமில்லை.

"தரையெல்லாம் ஈரம். செருப்பாவது போட்டுக்குங்களேன்."

"நீயும் நம்ம பாலு அண்ணன் மாதிரியே பேசுற!" என்று அவர் சிரித்தார்.

பாலு கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர். மாடியில் எதைத் தொட்டாலும் சுள்ளென்று ஷாக் அடிக்கிறது, எர்த் கம்பி இழுத்துத் தாருங்கள் என்று இவர்கள் கேட்டபோதெல்லாம் அவர் சொன்ன பதில் ஒன்றே: "செருப்புப் போட்டுக்கிட்டுத் தொடுங்க. இப்பத்தான் பெயிண்ட் அடிச்சிருக்கேன், செவுத்தை உடைக்கச் சொல்றீங்களா?" சுவரின் வண்ணப்பூச்சுக்கு இருந்த மரியாதை, அச்சுவருக்குள் வாழ்ந்த உயிருக்கு இல்லை.

பிலோமின்ராஜ் சூடேறிய இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். "ஞாயித்துக்கிழமை பறக்கவிடறப்போ பாரேன், வானத்துல இந்தச் சிவப்பு மட்டும் தனியா..."

பேச்சு அறுந்தது. பெட்டியைப் பிடித்த விரல்கள் இறுகின, பிரியவில்லை.

அவரைத் தொட நீண்ட கையை இழுத்துக்கொண்டு பிரான்சி ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். அதற்குள் அவர் தரையில் சாய்ந்திருந்தார்.

தெருமுனை டாக்டர் வந்தார், மார்பை அழுத்திப் பார்த்தார், எழுந்தார். "உயிர் இல்லைம்மா. போலீசுக்குச் சொல்லியாகணும்" என்று ஃபோனோடு கீழே இறங்கினார்.

அவர் இறங்கியதும் பாலு ஏறி வந்தார். கூடவே புது ஒயர்ச் சுருளோடு ஓர் எலக்ட்ரீஷியன்.

"ஹார்ட் அட்டாக்னு சொல்லிடும்மா பிரான்சி. கரண்ட்டுன்னா ஆஸ்பத்திரியில அறுப்பாங்க. உனக்கு மனசு வருதா?"

அறுப்பார்கள். அந்தச் சொல்லில் அவள் திரும்பினாள். கணவரின் மார்பைப் பார்த்தாள். இன்று காலை அவளே தேய்த்துக் கொடுத்த சட்டை.

எலக்ட்ரீஷியன் திருப்புளியை எடுத்தான். "கொஞ்சம் நகருங்கக்கா, போலீஸ் வர்றதுக்குள்ள போர்டைக் கழட்டி எர்த் கம்பி இழுத்துடறேன்."

பிரான்சி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். சுவிட்ச் போர்டின்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"போலீஸ் வந்து பாக்கட்டும்."

"நாளைக்கு இந்த ஊர்ல உனக்கு எவன் வீடு குடுப்பான்?"

"அதை நாளைக்குப் பாத்துக்கிறேண்ணே."

அறையில் விசிறி நின்றுபோயிருந்தது. இறக்கையில் சூடு படாத சிவப்பு நுனி மெல்லச் சுருண்டு எழுந்தது.

படிக்கட்டில் கூடி வேடிக்கை பார்ப்பவர்களே, கீழே இறங்காதீர்கள்! ஏறி வாருங்கள். அவள் முதுகுக்குப் பக்கத்தில் உங்கள் முதுகையும் சாய்த்து உட்காருங்கள்.